ஒரு அடி நீலக் கேபிள்

"எங்க பக்கம் க்ளியர் சார்." நெட்வொர்க் வேலையில் இருக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்டுவிடுவார்கள். லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டால் அவர்கள் சொல்வார்கள். அவர்கள் திருப்பிக் கேட்டால் நாமும் அதையேதான் சொல்வோம். நான் பல வருஷமாகச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நம்பித்தான் சொன்னேன். ஒரு ஆகஸ்ட் மாதம் மலை மேல் நடந்த விஷயத்துக்குப் பிறகு அந்த வாக்கியம் என் வாயில் வருவதில்லை. நடந்து முடிந்து நாளாகிவிட்டது. ஆனாலும் உள்ளே கிடந்து உறுத்துகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நான் நெட்வொர்க் பார்க்கிறேன். அலுவலகமும் சர்வரும் போடியில். மலைக்கு மேலே, வண்டன்மேட்டுப் பக்கம், அவர்களுக்கு ஒரு ஸ்டோர் உண்டு. சுற்றுவட்டாரச் சின்னத் தோட்டக்காரர்கள் பச்சைக் காயைச் சாக்கில் கொண்டு வந்து எடை போடுவார்கள். காயவைத்துச் சலித்து 8 எம்எம், 7 எம்எம் என்று பிரித்து, புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்கு அனுப்புவது அப்புறம் நடக்கிற வேலை. எடை போட்டதும் பில் வர வேண்டும், அந்த பில் போடியில் இருக்கிற சர்வரைத் தொட்டுத்தான் வரும். அதற்காக 8 எம்பி லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த இணைப்பு. அதே லைனில்தான் ஸ்டோரின் கேமரா பதிவுகள் கீழே வரும், விலைப்பட்டியல் மேலே போகும், இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே போனும் ஓடும்.

தென்மேற்குப் பருவத்தில் எங்கள் பக்கம் வருவது காற்றும் கொஞ்சம் சாரலும்தான். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். விடிகாலையில் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மெட்டு ஏறும். அந்த வரிசையில் ஒட்டிக்கொண்டு பைக்கில் போனால், கீழே காய்ந்த சட்டையோடு கிளம்பியவன் செக்போஸ்ட் தாண்டும்போது தொப்பலாக நனைந்திருப்பான். அதனால் ஆகஸ்டில் மேலே எது பழுதானாலும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது மழைதான். எனக்கும் அதுதான் வந்தது.

பில் மேடையில் இருக்கிற அக்கா போன் பண்ணினார். "சார், சுத்துது சார். எடை போட்டுட்டு ஆளுங்க நிக்கிறாங்க, திரையில அந்த வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு." நான் போடியில் உட்கார்ந்தபடியே ஸ்டோர் ரௌட்டருக்கு, அதாவது அந்தப் பக்கத்து நெட்வொர்க்கை லைனோடு இணைக்கிற பெட்டிக்கு, நூறு பிங் அடித்தேன். பிங் என்பது இருக்கிறாயா என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சின்னச் சோதனை. நூறும் திரும்பி வந்தது. எங்கள் ரௌட்டரில் ஒவ்வொரு பிங்கும் திரும்பும்போது ஒரு ஆச்சரியக்குறி விழும், வராவிட்டால் ஒரு புள்ளி விழும். திரை முழுக்க ஆச்சரியக்குறிதான். "லைன் நல்லாத்தாங்க்கா இருக்கு, கம்ப்யூட்டரை ஒருதரம் ஆஃப் பண்ணிப் போடுங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னார். "நேத்து நோட்டுல எழுதி வச்சத ராத்திரி எட்டு மணிக்கு மேல உக்காந்து ஏத்துனேன் சார், சட்டுசட்டுன்னு ஏறிடுச்சு." நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வாரம் நான் தேடி அலைந்த விடையில் பாதி அந்த ஒரு வரியில் இருந்தது. அதைக் காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை.

மூன்று சதவீதம் என்றால் எவ்வளவு

பகலில் பொறுமையாக ஆயிரம் பிங் அடித்துப் பார்த்தபோது புள்ளிகள் விழ ஆரம்பித்தன. நூற்றுக்கு மூன்று, சில நேரம் ஐந்து. நிறுவன முதலாளியிடம் சொன்னபோது, "மூணு பர்சென்ட்தானே, தொண்ணூத்தேழு போகுதுல்ல" என்றார். வியாபாரக் கணக்கில் அது நியாயமான கேள்வி. ஆயிரம் கிலோவில் முப்பது கிலோ சேதாரம் யாரையும் கவிழ்த்துவிடாது. நெட்வொர்க்கில் அந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே இங்கும் சொல்லிவிடுகிறேன்.

டிசிபி என்ற முறைதான் நம் பில்லையும் கோப்பையும் கொண்டுபோகிறது. அதற்கு வழியில் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அனுப்பியதற்குப் பதில் வந்ததா இல்லையா என்பது ஒன்றுதான் தெரியும். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே ஓடிய இணைப்பு திடீரென்று படுத்தது. இடையில் இருந்த தூரம் 400 கெஜம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது 40 பிட்டாக விழுந்தது. பாக்கெட், அதாவது தரவைத் துண்டுதுண்டாக்கி அனுப்பும் பொட்டலம், தொலையத் தொலைய எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்ப, அதனாலேயே நெரிசல் கூடி, எதுவும் போகாமல் நின்ற நிலை அது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான் இன்றைக்கும் டிசிபி கடைப்பிடிக்கிற நாகரிகம். ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் கூட்டம் என்று எடுத்துக்கொள், வேகத்தைச் சட்டென்று குறை, அப்புறம் மெல்ல ஏறு. இந்த நாகரிகம் இல்லாவிட்டால் இணையம் என்றைக்கோ மூச்சடைத்துப் போயிருக்கும். நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் கூட்டமே இல்லாமல் வேறு காரணத்தால் பாக்கெட் தொலைந்தாலும் டிசிபிக்கு வித்தியாசம் தெரியாது. பாவம், ஒதுங்கி நின்று வழிவிடும், யாரும் வராத ரோட்டில். இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1997-இல் மாத்திஸ், செம்கே, மஹ்தவி, ஆட் என்ற நான்கு பேர் எழுதியது. பாக்கெட்டின் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து, மறுபடி இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, ஏறக்குறைய 1.22-ஆல் பெருக்கினால் ஒரு டிசிபி இணைப்பு எட்டக்கூடிய உச்ச வேகம் கிடைக்கும். எங்கள் லைனில் போய்வர 40 மில்லிசெகண்ட். பாக்கெட்டில் 1,460 பைட் சரக்கு. பத்தாயிரத்துக்கு ஒன்று தொலைந்தால் 35 மெகாபிட் வரை போகலாம், எங்கள் 8-க்கு அது தாராளம். நூற்றுக்கு மூன்று தொலைந்தால் 2 மெகாபிட். பில் மாதிரிச் சின்னச் சின்னக் கேள்வி பதில்களுக்கு நிலைமை இதைவிட மோசம். கடைசிப் பாக்கெட் தொலைந்தால் அதைச் சுட்டிக்காட்டப் பின்னால் வேறு பாக்கெட் வராது, அதனால் அனுப்பியவர் குறிப்பிட்ட நேரம் காத்திருந்துதான் திரும்ப அனுப்புவார். அதுவும் தொலைந்தால் அடுத்த காத்திருப்பு இரண்டு மடங்கு. அக்காவின் திரையில் சுற்றிய வட்டம் அந்தக் காத்திருப்புதான்.

இதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. டிசிபி தானாகவே ஒடுங்கிவிடுவதால், லைன் கொடுத்த கம்பெனியின் வரைபடத்தில் எங்கள் பயன்பாடு 8-இல் 2-ஐக் கூடத் தாண்டவில்லை. "உங்க லைன்ல கால்வாசிகூட யூஸ் ஆகல சார், காலியா கிடக்கு" என்று அவர்கள் சொன்னதில் பொய்யே கிடையாது. காய்ச்சலில் சாப்பிட முடியாமல் படுத்திருப்பவரைப் பார்த்து வயிறு நிறைந்திருக்கிறது என்று சொன்ன மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மோட்டார் மேல் போட்ட பழி

நான் எதை எதைச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் முகம் சுருங்குகிறது. முதலில் வழியில் இருக்கிற ரௌட்டர்களைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு தாவலுக்கும், அதாவது ஒரு ரௌட்டரிலிருந்து அடுத்த ரௌட்டருக்குப் போகும் ஒவ்வொரு கட்டத்துக்கும், எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவியை ஓடவிட்டேன், நடுவில் ஒரு ரௌட்டரில் 40 சதவீதம் என்று காட்டியது. படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். அவர்கள் தரப்பு இன்ஜினியர் பொறுமையாகப் பதில் சொன்னார். பெரிய ரௌட்டர்கள் தனக்கென்று வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும், அளவு மீறினால் பதிலே தராது, அதைத் தாண்டிப் போகும் பாக்கெட்டை அது தொடாது. அந்த இடத்துக்கு அடுத்த தாவலில் இழப்பு அதே அளவுக்குத் தொடர்கிறதா என்று பாருங்கள் என்றார். தொடரவில்லை. அவர் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் மறந்திருந்தேன்.

அப்புறம் ஸ்டோர் ரௌட்டரின் இன்டர்ஃபேஸ் கவுண்டரைப் பார்த்தேன், கேபிள் செருகும் போர்ட்டில் வந்தது, போனது, கெட்டது எல்லாவற்றையும் எண்ணிவைக்கும் கணக்கு அது. லைன் கொடுத்தவர்களின் பெட்டியைப் பார்த்திருக்கிற போர்ட். வெளியே போகும் வரிசையில் ஒரு பாக்கெட்கூட விழவில்லை, பூஜ்யம். அதாவது நெரிசல் இல்லை. உள்ளே வரும் பக்கம் சிஆர்சி பிழை ஏறிக்கொண்டிருந்தது. கேபிளில் பாக்கெட்டைச் சுற்றிப் போகும் உறைதான் ஃபிரேம், அதன் கடைசியில் இருக்கிற சரிபார்ப்பு எண்ணும் உள்ளே இருக்கிற சரக்கும் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண் ஒன்று கூடும். கூடவே ரன்ட், அதாவது 64 பைட்டுக்கும் குறைவாக வெட்டுப்பட்டு வந்த துண்டுகள். அதே கட்டளையை மறுபடி ஓடவிட மேல்அம்பு, என்டர். மேல்அம்பு, என்டர். ஒவ்வொரு தடவையும் பத்து, பன்னிரண்டு கூடியது. சிஆர்சி ஏறினால் கேபிளைப் பார் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். நான் மலை ஏறினேன்.

ஸ்டோரில் பழைய மர அலமாரிக்குள் எங்கள் ரௌட்டரும் கம்பெனியின் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு அடி நீளத்தில் நீல நிறப் பேட்ச் கேபிள். அலமாரி முழுக்க ஏலக்காய் வாசம், ரௌட்டரின் காற்றுத் துளையில் பச்சைத் தூசு. கேபிளை மாற்றினேன். அன்று சாயங்காலம் போடி திரும்புவதற்குள் பிழை மறுபடி ஏறியிருந்தது. அடுத்த வாரம் போய், நானே புதிதாக கிரிம்ப் பண்ணிய கேபிளைப் போட்டேன். ஏறியது. எர்த் சரியில்லை என்று ஒருவர் சொன்னார், மலையில் இடி மின்னலுக்கு எர்த்தைக் குறை சொல்வது வழக்கம்தான். பின்பக்கம் எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட்டேஜ் பார்த்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசியில் என் கண் டிரையர் மோட்டார் மேல் விழுந்தது. பகலில் மட்டும் பாக்கெட் தொலைகிறது, பகலில் மோட்டார் ஓடுகிறது, மோட்டாரின் மின்கம்பி அலமாரிக்குப் பின்னால்தான் போகிறது. பொருந்திவிட்டது என்று நினைத்தேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தக் கம்பியை வேறு சுவர் வழியாக மாற்றிப் போட வைத்தேன். அவருக்குப் பாதிநாள் வேலை, ஸ்டோருக்குப் பாதிநாள் நஷ்டம்.

அன்றைக்கு மழை விடவில்லை, இறங்க முடியாமல் ஸ்டோரிலேயே தங்கினேன். இரவு பதினொரு மணி இருக்கும். டிரையர் உறுமிக்கொண்டே இருந்தது. காய் ஏற்றிவிட்டால் அது ராத்திரி முழுக்க ஓடும், நடுவில் நிறுத்தினால் பச்சை நிறம் போய்விடும் என்று காவல்காரர் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்தேன். மேல்அம்பு, என்டர். சிஆர்சி அசையவில்லை. பத்து நிமிஷம் பார்த்தேன், ஒன்றுகூட ஏறவில்லை. மோட்டார் அதே மோட்டார்தான், அதே சத்தம்தான். அப்போதுதான் அக்கா சொன்னது காதில் விழுந்தது, மூன்று வாரம் கழித்து. ராத்திரி ஏற்றினால் சட்டுசட்டென்று ஏறுகிறது. ராத்திரி இல்லாதது மோட்டார் இல்லை. ராத்திரி இல்லாதது டிராஃபிக். பகலில் கேமரா பதிவு கீழே போகும் நேரத்தில் விலைப்பட்டியலும் போனும் மேலே வருகின்றன. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுகிறபோது மட்டும் அடிபடுகிறது. பிங் ஒரு ஆள் கேட்டு, மற்ற ஆள் பதில் சொல்கிற விஷயம். மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியதிலிருந்து அது அப்படித்தான், சோனார் மாதிரி ஒரு ஒலியை விட்டுவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். லைன் காலியாக இருக்கும்போது இருவர் வாயும் ஒரே நேரத்தில் திறக்கவே திறக்காது. காலையில் நான் பார்த்த அந்த நூறு ஆச்சரியக்குறிகளும் உண்மைதான், ஆனால் நான் கேட்க வேண்டிய கேள்விக்கு அவை பதில் இல்லை.

அவ்வளவு தூரம் வந்தும் காரணம் பிடிபடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏதோ ஒன்று கையில் தட்டுப்படுகிறது, என்னவென்று தெரியவில்லை. காவல்காரரிடம் பேச்சுக்கொடுத்தேன். ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய இடி விழுந்ததாம். "அந்த டப்பா கருகிப்போச்சு சார், லைன்காரங்க வந்து புதுசு வச்சுட்டுப் போனாங்க." யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"மேலேருந்து கீழ வரைக்கும் படி தம்பி"

காலையில் கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். நெடுங்கண்டத்தில் இருக்கிறவர், வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். தாத்தா காலத்தில் உத்தமபாளையம் பக்கமிருந்து தோட்ட வேலைக்குப் போன குடும்பம். அலுவலகத்தில் மலையாளம், என்னிடம் தேனித் தமிழ். எனக்கு அந்தத் தாவல் விவரம் பொறுமையாகச் சொன்னவரும் அவர்தான்.

"அண்ணே, காலையிலயே பாத்துட்டேன். எங்க பக்கம் க்ளியர்ண்ணே. சிஆர்சி ஒண்ணுகூட இல்ல."

"என் பக்கம் நாலாயிரத்துக்கு மேல இருக்கு தம்பி. ஒரு அடி கேபிள், ரெண்டு தடவை மாத்தியாச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பாப் பாக்குறோம்."

"மானிட்டர்ல பச்சையாத்தான் இருக்குண்ணே."

"மானிட்டர விடு. பெட்டிக்குள்ள லாகின் பண்ணி, என்னைப் பாத்திருக்கிற போர்ட்டோட கவுண்டர மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு வரி விடாம படி."

அவர் படிக்க ஆரம்பித்தார். வந்த பாக்கெட், போன பாக்கெட், சிஆர்சி பூஜ்யம், ரன்ட் பூஜ்யம். கொலிஷன், அதாவது மோதல், என்று ஒரு பெரிய எண்ணைச் சொன்னார். "அப்புறம் லேட் கொலிஷன், ரெண்டாயிரத்து எண்ணூத்து எழுவது."

"என்ன சொன்ன?"

"லேட் கொலிஷன்ண்ணே. 2,870."

"இப்ப மறுபடி பாரு." நான் என் பக்கம் மேல்அம்பு, என்டர் தட்டினேன். 4,127. "2,874 ஆயிருக்குண்ணே." என்னுடையது 4,133. "இப்ப?" "2,879." இரண்டு பேர் வாயும் கொஞ்ச நேரம் அடைத்துப்போனது. ஒரே அலமாரியில், ஒரு அடி இடைவெளியில், ஒரே விபத்தை இரண்டு பெட்டிகளும் எண்ணிக்கொண்டிருந்தன. இது ஒரு பெயரில், அது வேறு பெயரில்.

லேட் கொலிஷனுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஃபுல் டூப்ளெக்ஸ் என்பது டெலிபோன் மாதிரி, இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். ஹாஃப் டூப்ளெக்ஸ் என்பது செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கையில் இருக்கிற வாக்கி-டாக்கி மாதிரி, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். அதில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஃபிரேமின் முதல் 64 பைட் போவதற்குள் அது தெரிந்துவிடும்படிதான் ஈதர்நெட் என்ற இந்தக் கேபிள் முறையின் அளவுகளை வகுத்திருக்கிறார்கள். தெரிந்தால் நிறுத்திக் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பலாம், நஷ்டமில்லை. 64 பைட் தாண்டி மோதல் வந்தால் ஒன்று கேபிள் அளவுக்கு மீறி நீளமாக இருக்க வேண்டும், அல்லது எதிரில் இருக்கிறவர் கேட்காமலே பேசுகிறவராக இருக்க வேண்டும். என் கேபிள் ஒரு அடி.

"உன் போர்ட்ல டூப்ளெக்ஸ் என்ன காட்டுது தம்பி?"

"ஹாஃப்ண்ணே. நாங்க ஒண்ணும் போடல, ஆட்டோதான்."

என் திரையில் மூன்று வாரமாக என் கண் முன்னாலேயே இருந்த வரியை அப்போதுதான் படித்தேன். ஃபுல் டூப்ளெக்ஸ், 100. ஆட்டோ இல்லை. கையால் போட்டது. அதற்கு மேலேயே விளக்க வரி, ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதியோடு, என் பெயரின் முதல் எழுத்தோடு. இந்த லைன் வந்த நாளில் நானே அதை எழுதியிருக்கிறேன்.

பேசாமல் போன பேச்சு

1995-இல் 100 மெகாபிட் ஈதர்நெட் தரம் வந்தபோது ஆட்டோ நெகோஷியேஷனும் கூடவே வந்தது. இரண்டு போர்ட்டும் கேபிளில் முதலில் சின்னத் துடிப்புகளாக, எனக்கு இன்னின்னது தெரியும், உனக்கு என்ன தெரியும் என்று விசாரித்து, இருவருக்கும் ஒத்ததில் நல்லதை எடுத்துக்கொள்ளும். ஆரம்ப வருஷங்களில் இது கம்பெனிக்குக் கம்பெனி ஒத்துப்போகாமல் தகராறு செய்ததால், எங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள், முக்கியமான போர்ட்டில் ஆட்டோவை நம்பாதே, கையால் 100 ஃபுல் என்று கட்டிப்போடு என்றார்கள். பழைய பெட்டியிலும் அப்படித்தான் கட்டியிருந்தது, இருவரும் பேசிவைத்துச் செய்தது. அப்படி இருபுறமும் கட்டினால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்றை அவர்கள் அழுத்திச் சொல்லவில்லை, அல்லது சொல்லி நான் மறந்தேன். கையால் கட்டிய போர்ட் அந்த விசாரிப்பை நிறுத்திவிடும். எதிரில் ஆட்டோவில் இருக்கும் போர்ட் கேட்டுக் கேட்டுப் பார்க்கும், பதில் வராது. வரும் சிக்னலை வைத்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸை அப்படிக் கண்டுபிடிக்க வழி கிடையாது. தெரியாத இடத்தில் ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பதுதான் தரத்தில் இருக்கிற விதி. தெரியாத ஊரில் ஒதுங்கி நடப்பது மாதிரி.

இடி விழுந்து புதுப்பெட்டி வந்த நாளிலிருந்து நடந்தது அதுதான். அந்தப் பெட்டி முறையாகக் கேட்டிருக்கிறது. என் ரௌட்டர், நான் போட்ட கட்டளைப்படி, பதில் சொல்லவில்லை. அது வாக்கி-டாக்கி என்று நினைத்துக்கொண்டது, என்னுடையது டெலிபோன் என்று நினைத்துக்கொண்டது. அது பேசிக்கொண்டிருக்கும்போது என் ரௌட்டர் குறுக்கே பேசும். மோதல் என்று எடுத்துக்கொண்டு அது பாதியில் நிறுத்தும். அந்தப் பாதி ஃபிரேம்தான் என் பக்கம் வெட்டுப்பட்ட ரன்டாகவும் சிஆர்சி பிழையாகவும் வந்து விழுந்தது. நான் அனுப்பியதும் அந்தக் குழப்பத்தில் அங்கே போய்ச் சேராது. இரண்டு பக்கமும் தொலையும். என் பக்கத்துக் கணக்கில் அது கெட்ட கேபிள், அவர் பக்கத்துக் கணக்கில் கொலிஷன். அவருடைய மானிட்டர் சிஆர்சியை மட்டும் பார்த்து நிறம் மாற்றுவதால் அங்கே பச்சை. தம்பி சொன்னதில் பொய்யில்லை, நான் சொன்னதிலும் பொய்யில்லை. மூன்று வாரமாக இரண்டு உண்மைகள் தொலைபேசியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன.

சரிசெய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் போர்ட்டையும் ஆட்டோவில் விட்டேன். விளக்கு அணைந்தது, இரண்டு மூன்று நொடியில் பச்சையாக வந்தது. "ஃபுல் ஆயிடுச்சுண்ணே" என்றார் அவர். என் திரையிலும் ஃபுல். இருவரும் கவுண்டரைப் பூஜ்யமாக்கினோம். கேமரா கோப்பு ஒன்றைக் கீழேயும் இன்னொன்றை மேலேயும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அதன் நடுவே 1,500 பைட் அளவில் ஆயிரம் பிங் அடித்தேன். ஒரு புள்ளிகூட விழவில்லை. மூன்று வாரத்தில் லைன் முதல் தடவையாக 8-ஐத் தொட்டது.

எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. வாசலில் எடை மேடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றிருந்தார்கள். மூன்று வாரமாக அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். அக்கா மூன்று வாரமாகப் பகலில் நோட்டில் எழுதி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து ஏற்றிவிட்டு, இருட்டில் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் உள்ளே போய், தப்பு என்னுடையதுதான்க்கா, நீங்கள் முதல் நாளே சொன்னீர்கள், நான்தான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப சுத்தல சார்" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தத் தம்பி மேல் எனக்கு இருந்த கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை அவருடைய மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன், உங்கள் ஆள் அக்கறையில்லாமல் பதில் சொல்கிறார் என்று. ஆட்டோ மாற்றிய அன்றே மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதினேன், நடந்ததை அப்படியே. அது அவருக்கு உதவியதா என்று நான் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

நவம்பரில் அவரிடமிருந்து ஒரு போன் வந்தது. அடுத்த மழை சீசனுக்குள் எங்கள் ஸ்டோர் பெட்டியைக் கிகாபிட் பெட்டியாக மாற்றப் போகிறார்களாம். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் பேசுகிறார், பின்னால் கட்டப்பனை பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது.

"அண்ணே, இன்னும் கேபிளக்கூட எடுக்கல. உங்க போர்ட்ல என்ன போட்டிருக்கீங்கன்னு பாத்துச் சொல்லுங்க. நானும் இங்க என்ன இருக்குன்னு படிக்கிறேன்."

நான் லேப்டாப்பைத் திறந்து, மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.